காமராஜர் ஏறிய இரண்டு ஏணிகள்: ஒரு மாநிலத் தலைவரின் அரசியல் பயணத்தைப் படிப்பது எப்படி?

முதல் முறையாக ஓட்டுப் போடப் போகும் என் அண்ணன் மகள் ஒரு நாள் கேட்டாள்: “அத்தை, ஒரு கூட்டத்துல எங்க எம்.எல்.ஏ.வும் அவங்க கட்சி மாவட்டச் செயலாளரும் ஒரே மேடையில இருந்தாங்க. எம்.எல்.ஏ. எழுந்து போய் அவருக்குச் சால்வை போட்டுக் கும்பிட்டார். மக்கள் ஓட்டுப் போட்டு ஜெயிச்சவர் எம்.எல்.ஏ. தானே? அப்புறம் ஏன் அவர் பணிஞ்சு நிக்கறார்?”

அவள் கேட்டது சரியான கேள்வி. பள்ளிப் புத்தகத்தில் சட்டமன்றம், அமைச்சரவை, ஆளுநர் எல்லாம் வரும். மாவட்டச் செயலாளர் என்ற சொல் வராது. ஆனால் தமிழ்நாட்டு அரசியல் நடப்பதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தச் சொல் இல்லாமல் முடியாது. ஒரு மாநில அரசியல்வாதியின் வாழ்க்கைக் குறிப்பைப் படிக்கும்போது நாம் வழக்கமாகத் தேடுவது, எந்த ஆண்டில் எம்.எல்.ஏ., எந்த ஆண்டில் அமைச்சர் என்பதைத்தான். அது பாதிக் கதை. மீதிக் கதை கட்சிக்குள் நடந்திருக்கும்.

இரண்டு ஏணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் சாத்தி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஆட்சி ஏணி. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் அல்லது நகராட்சித் தலைவர், சட்டமன்ற உறுப்பினர், அமைச்சர், முதலமைச்சர் என்று மேலே போகும். இதில் ஏற மக்களின் ஓட்டு வேண்டும். இன்னொன்று கட்சி ஏணி. கிளை, வட்டம், ஒன்றியம், மாவட்டம், மாநிலத் தலைமை என்று அதன் படிகள் இருக்கும். கட்சிக்குக் கட்சி பெயர் கொஞ்சம் மாறும். இதில் ஏறத் தொண்டர்களின் ஆதரவும் மேலிடத்தின் நம்பிக்கையும் வேண்டும்.

இரண்டையும் கட்டிப்போடும் கயிறு ஒன்று உண்டு. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘சீட்’. ஒருவர் தொகுதியில் எவ்வளவு நல்ல பெயர் எடுத்திருந்தாலும், கட்சிச் சின்னத்தில் நிற்க வேண்டுமென்றால் கட்சித் தலைமையின் அதிகாரம் பெற்றவர் கையெழுத்திட்ட ஏ படிவமும் பி படிவமும் தேர்தல் அலுவலரிடம் போய்ச் சேர வேண்டும். அந்தத் தாள் இல்லையென்றால் அவர் சுயேச்சைதான். அந்தத் தாளில் யார் பெயர் வர வேண்டும் என்ற பேச்சு தலைமையிடம் நடக்கும்போது, மாவட்டச் செயலாளர் சொல்லும் சொல்லுக்கு எடை உண்டு. சால்வைக்குக் காரணம் அதுதான்.

இதை வெறும் வரையறையாகச் சொன்னால் மனதில் நிற்காது. ஒரு மனிதரின் வாழ்க்கையில் வைத்துப் பார்ப்பதே நல்ல வழி. அதற்குக் காமராஜரை விடப் பொருத்தமான ஆள் எனக்குத் தோன்றவில்லை. முதலமைச்சர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே முதலமைச்சர்களை உருவாக்கும் இடத்தில் அவர் இருந்தார். அந்த நாற்காலியை விட்டு இறங்கிய பிறகு பிரதமர்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்குப் போனார். ஆட்சி ஏணியை மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு புரியவே புரியாது.

விருதுநகர்

‘பின்னணி’ என்ற சொல்லைப் பார்த்ததும் சாதி, குடும்பம், படிப்பு என்று மூன்றை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த மூன்றும் ஒரு ஊரில், ஒரு காலத்தில் என்ன பொருள் தந்தன என்று கேட்டால்தான் பின்னணி பேசத் தொடங்கும்.

காமராஜர் 1903 ஜூலை 15 அன்று விருதுநகரில் பிறந்தார். அன்று அந்த ஊரை விருதுபட்டி என்றும் சொல்வார்கள். தந்தை குமாரசாமி நாடார், தாய் சிவகாமி அம்மாள். தந்தை சிறு வயதிலேயே இறந்துவிட்டார். பையன் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு உட்கார்ந்தான். இது குடும்பக் கதை.

ஊர்க் கதை வேறு. நாடார் சமூகத்தவரைக் கோயிலுக்குள் விடமாட்டோம் என்று தடுத்த காலம் அது. 1890களின் இறுதியில் கமுதியிலும் சிவகாசியிலும் அதை ஒட்டிப் பெரிய மோதல்கள் நடந்தன. அதே சமூகம் விருதுநகரில் வியாபாரத்தில் கால் ஊன்றி, தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டது. காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை அப்படி வந்ததுதான். வீட்டுக்கு வீடு சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைப்பார்கள். அதைச் சேர்த்துப் பள்ளியை நடத்தினார்கள். பிடி அரிசிப் பள்ளிக்கூடம். பின்னாளில் பள்ளிக்கூடத்தில் சோறு போட்ட முதலமைச்சர் இந்தப் பள்ளியிலிருந்து வந்தவர் என்பதை நான் படிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிடுவேன். ஒன்று இன்னொன்றுக்கு நேரடிக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஊரார் கைப்பிடியில் ஒரு பள்ளி நடக்க முடியும் என்பதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர் அவர்.

கட்சி ஏணி

கடையில் உட்கார்ந்த பையனின் கவனம் கூட்டங்களிலும் ஊர்வலங்களிலும் இருந்தது. அரசியல் பித்து தெளியட்டும் என்று வீட்டார் அவரைத் திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அவரோ அங்கே வைக்கம் போராட்டத்தின் பக்கம் போனார். 1930இல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்தில் உப்புச் சத்தியாகிரகம் நடந்தது. அதில் கலந்துகொண்ட காமராஜருக்கு இரண்டு ஆண்டுச் சிறை. வங்காளத்து அலிப்பூர் சிறைக்குக் கொண்டுபோனார்கள். காந்தி–இர்வின் ஒப்பந்தம் வந்ததால் 1931இலேயே வெளியே வந்தார். மொத்த வாழ்க்கையில் அவர் சிறையில் கழித்த நாட்களைக் கூட்டினால் எட்டு ஆண்டுகளுக்கு மேல் வரும்.

சிறை என்பது தியாகக் கணக்கு மட்டும் இல்லை. அன்றைய காங்கிரசில் அதுதான் தொண்டர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்ட இடம். யார் உறுதியானவர், யார் சொன்ன சொல்லைக் காப்பவர், எந்த ஊரில் யாரைப் பிடித்தால் வேலை நடக்கும் என்பதையெல்லாம் உள்ளே இருந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். மாவட்டம் மாவட்டமாக ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் காமராஜருக்கு இருந்தது என்பார்கள். கட்சி ஏணியில் ஏறும் ஒருவருக்கு அதைவிடப் பெரிய சொத்து கிடையாது.

அவரைக் கைதூக்கி விட்டவர் தீரர் சத்தியமூர்த்தி. சத்தியமூர்த்தி நல்ல பேச்சாளர், படித்தவர், சட்டமன்றத்தில் வெள்ளைக்கார அரசைத் திணறடித்தவர். காமராஜர் அதிகம் பேசாதவர், ஆனால் ஊர் ஊராகக் காலால் நடந்தவர். 1936இல் சத்தியமூர்த்தி மாகாணக் காங்கிரஸ் தலைவரானபோது காமராஜர் செயலாளரானார். 1937இல் சாத்தூர் தொகுதியிலிருந்து போட்டியின்றிச் சென்னை சட்டமன்றத்துக்கு வந்தார். 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் தேர்தலில் ராஜாஜி ஆதரித்த வேட்பாளரை மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்கடித்துத் தலைவரானார். இப்போது சத்தியமூர்த்தி அவருக்குச் செயலாளர். குருவும் சீடரும் இடம் மாறி உட்கார்ந்து அதே வேலையைத் தொடர்ந்து செய்தார்கள். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

அதற்கு அடுத்த ஆண்டு நடந்த ஒன்றை, இரண்டு ஏணிகளின் பாடத்தில் முதல் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 1941இல் காமராஜர் சிறையில் இருந்தார். அப்போது விருதுநகர் நகராட்சித் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். விடுதலையாகி ஊருக்கு வந்தவர் நேரே போய் அந்தப் பதவியை ராஜினாமா செய்தார். முழு நேரமும் செய்ய முடியாத பதவியை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் எண்ணம். தன் வேலை கட்சியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சொந்த ஊரில் மரியாதையான நாற்காலி. அதை விட்டுவிட்டு மறுபடி கட்சி வேலைக்குப் போனார்.

1942 ஆகஸ்டில் பம்பாய்க் காங்கிரஸ் கூட்டம் முடிந்து திரும்பும்போது, சென்னையில் போலீஸ் காத்திருக்கும் என்று ஊகித்து, வழியில் அரக்கோணத்திலேயே ரயிலை விட்டு இறங்கினார். மாவட்டங்களுக்குப் போய், என்ன செய்ய வேண்டும் என்று தொண்டர்களுக்குச் சொல்லி முடித்தார். அப்புறம் விருதுநகர் போய்க் கைதானார். 1945 வரை சிறை. அந்தப் பயணத்தில் அவர் எந்தெந்த ஊர்களில் இறங்கினாரோ, அதுதான் அன்றைய கட்சியின் உண்மையான வரைபடம்.

நாற்காலியில் இல்லாத அதிகாரம்

1946இல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. அன்று மாகாணத்தில் ஆந்திரப் பகுதி, மலபார் எல்லாம் சேர்ந்திருந்தன. த. பிரகாசம் முதல்வரானார். 1947இல் அவர் இடத்துக்கு ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் வந்தார். 1949இல் அவர் இடத்துக்கு ராஜபாளையத்தைச் சேர்ந்த பி. எஸ். குமாரசாமி ராஜா வந்தார். மூன்று மாற்றங்களிலும் கட்சித் தலைவர் காமராஜர் எந்தப் பக்கம் இருந்தார் என்பதுதான் பெரிய விஷயமாக இருந்தது. ஆட்சி ஏணியில் அவருக்கு ஒரு சிறு அமைச்சர் பதவி கூட இல்லை.

‘அப்படியென்றால் முதல்வரை நியமிப்பது ஆளுநர் இல்லையா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியமிப்பது ஆளுநர்தான். அரசியல் சட்டத்தின் 164வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் ஆளுநர் யாரை நியமிக்க வேண்டியிருக்கிறது? சட்டமன்றத்தில் பெரும்பான்மை காட்டக்கூடியவரை. பெரும்பான்மை கட்சியிடம் இருக்கும்போது, அந்தக் கட்சியின் எம்.எல்.ஏ.க்கள் கூடி யாரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்களோ அவர்தான் முதல்வர். சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்வு என்று செய்தித்தாளில் வருவது இதுதான். அந்த அறைக்குள் யாருடைய சொல் எடுபடுகிறது என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இருக்காது.

1952இல் நாடு முழுவதும் முதல் பொதுத்தேர்தல். சென்னை மாநிலத்தில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மை இல்லை. முதல்வர் குமாரசாமி ராஜாவே தோற்றுவிட்டார். அப்போதுதான் ராஜாஜியைக் கூப்பிட்டார்கள். அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநர் அவரை மேலவை உறுப்பினராக நியமித்தார், அந்த வழியில் முதல்வரானார். மேலவை என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சட்டமன்றத்துக்கு இரண்டாவது அவை ஒன்று இருந்தது. அதன் உறுப்பினரை எம்.எல்.சி. என்பார்கள். தமிழ்நாட்டில் அது 1986இல் கலைக்கப்பட்டது. ராஜாஜி அரசுக்குப் பலம் சேர்க்க வேறு கட்சியிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அன்று கிடையாது. இன்று ஒரு எம்.எல்.ஏ. தானாகக் கட்சியை விட்டுப் போனால் பதவி போய்விடும். பழைய அரசியல் கதைகளைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மறந்தால் எல்லாமே குழம்பிவிடும்.

ராஜாஜி அரசு 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயர் வைத்து பெரியாரும் திமுகவும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954இல் ராஜாஜி விலகினார். கட்சிக்குள் நடந்த தேர்வில் சி. சுப்பிரமணியத்தைத் தோற்கடித்துக் காமராஜர் சட்டமன்றக் கட்சித் தலைவரானார். 1954 ஏப்ரல் 13 அன்று முதலமைச்சராகப் பதவியேற்றார். 1940இலிருந்து, இடையில் ஒரு சிறு இடைவெளி தவிர, அதுவரை கட்சித் தலைமை அவர் கையில்தான் இருந்தது. வயது ஐம்பது ஆகிவிட்டது. ஆட்சி ஏணியில் அவர் வைத்த முதல் பெரிய காலடி, நேராக உச்சிப் படியில்.

குடியாத்தம்

இங்கே புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழும் ஒரு இடம் இருக்கிறது. முதல்வராகப் பதவியேற்ற அன்று காமராஜர் எம்.எல்.ஏ. இல்லை! 1952இல் அவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மக்களவைக்குப் போயிருந்தார், அதாவது எம்.பி.யாக இருந்தார்.

எம்.எல்.ஏ. இல்லாதவர் முதல்வராகலாமா? ஆகலாம். ஆனால் ஆறு மாதம்தான். அதற்குள் சட்டமன்றத்திலோ, மேலவை இருந்தால் அதிலோ, உறுப்பினராகிவிட வேண்டும். இல்லையென்றால் பதவி போய்விடும். இது முதல்வருக்கும் பொருந்தும், அமைச்சருக்கும் பொருந்தும்.

காமராஜருக்கு இரண்டு வழிகள் இருந்தன. மேலவைக்குப் போவது சுலபம், ராஜாஜி போன வழி. மக்களிடம் போய் இடைத்தேர்தலில் நிற்பது கஷ்டம். அவர் குடியாத்தத்தில் நின்றார். எதிர்த்து நின்றவர் கம்யூனிஸ்ட் வேட்பாளர். பெரியார் காமராஜரை ஆதரித்தார். திமுக ஆள் நிறுத்தவில்லை. வெற்றி பெற்றார். அப்புறம் 1957இலும் 1962இலும் சாத்தூரிலிருந்து வந்தார்.

என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் முக்கியமான முடிவுகளில் குடியாத்தம் ஒன்று. கட்சி ஏணியின் உச்சியிலிருந்து ஒரே தாவில் ஆட்சி ஏணியின் உச்சிக்குப் போனவர், கீழே இறங்கி வந்து மக்கள் ஓட்டு என்ற முதல் படியையும் மிதித்துவிட்டுப் போனார். ஒரு தலைவரின் குறிப்பைப் படிக்கும்போது எந்த அவையில், எந்தத் தொகுதியில், பொதுத்தேர்தலா இடைத்தேர்தலா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

அமைச்சரவையை அவர் அமைத்த விதமும் கவனிக்க வேண்டியது. அவரையும் சேர்த்து மொத்தம் எட்டுப் பேர். அந்த எட்டில் ஒருவர், தன்னை எதிர்த்துத் தலைவர் பதவிக்கு நின்ற சி. சுப்பிரமணியம். இன்னொருவர் எதிரணியில் இருந்த பக்தவத்சலம். உழைப்பாளர் கட்சியின் ராமசாமி படையாட்சியும் உள்ளே வந்தார். ஆதிதிராவிடரான பி. பரமேஸ்வரனிடம் இந்து அறநிலையப் பொறுப்பு போனது. கோயிலுக்குள் விடமாட்டோம் என்று சில தலைமுறைகளுக்கு அடைத்த கதவுகள் இருந்த நாட்டில் இது சின்னச் செய்தி இல்லை. 1957 அமைச்சரவையிலும் எட்டே பேர். இன்று அளவுக்கு ஒரு சட்ட வரம்பு இருக்கிறது. 2003இல் வந்த 91வது திருத்தத்தின்படி சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையில் 15 சதவீதத்துக்கு மேல் அமைச்சர்கள் இருக்கக் கூடாது. 234 பேர் உள்ள தமிழ்நாட்டில் அது 35 பேர்.

எது அவர் செய்தது, எது அவர் கேட்டு வாங்கியது?

ஒரு முதல்வரின் சாதனைப் பட்டியலைப் பார்த்தால் பள்ளிக்கூடம், அணை, தொழிற்சாலை எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றும் யார் அதிகாரத்தில் வருகிறது என்று பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். பாராட்டும் விமர்சனமும் அப்போதுதான் சரியான முகவரிக்குப் போகும்.

பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். காமராஜர் காலத்தில் கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976இல் வந்த 42வது திருத்தத்துக்குப் பிறகுதான் அது மத்தியும் மாநிலமும் சேர்ந்து சட்டம் செய்யும் பொதுப்பட்டியலுக்குப் போனது. எனவே பள்ளி விஷயத்தில் முடிவெடுக்க அவர் டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளிகள் திறக்கப்பட்டன. கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு இதில் அவருக்கு வலது கையாக இருந்தார். 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் ஊர்மக்கள் தந்த அரிசியும் காய்கறியும் நன்கொடையும் அதைத் தாங்கின. பிறகு அரசின் பங்கு வந்தது.

பள்ளியில் சோறு போடுவது அவரோடுதான் தொடங்கியது என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது முழுச் சரி இல்லை. 1920ஆம் ஆண்டிலேயே, தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர்களுக்கு உணவு தந்தது. காமராஜர் அதை மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோனார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022இல் காலை உணவு சேர்ந்தது. நூறு ஆண்டுகளாக ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிக் கொண்டுபோன வேலை இது. அப்படிச் சொல்வதால் காமராஜரின் பெருமை ஒரு துளியும் குறையாது.

இப்போது தொழிற்சாலைகள். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம், திருச்சி பாய்லர் ஆலை, ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை எல்லாம் மத்திய அரசின் நிறுவனங்கள். இவற்றை மாநில அரசு தன் பணத்தில் தானே கட்டியதாகப் பேசுவது தவறு. மாநில அரசின் பங்கு வேறு வகையானது. நிலம், தண்ணீர், மின்சாரம், சாலை ஆகியவற்றைத் தயாராகக் காட்டி, ‘எங்கள் மாநிலத்துக்குக் கொடுங்கள்’ என்று டெல்லியில் விடாமல் கேட்டு வாங்குவது அது. கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகள் நேரடியாக மாநில அரசின் வேலை. தொழில்துறை அமைச்சராக இருந்த ஆர். வெங்கடராமனின் உழைப்பு இதில் பெரியது. கேட்டு வாங்குவதில் காமராஜருக்கு ஒரு வசதி இருந்தது. டெல்லியிலும் அவர் கட்சிதான் ஆண்டது, அந்தக் கட்சியின் பெரிய தூண்களில் ஒருவராக அவரே இருந்தார். கட்சி ஏணி இங்கே ஆட்சி ஏணிக்குத் தோள் கொடுத்தது.

அணைகளில் சாத்தனூர், வைகை, மணிமுத்தாறு, அமராவதி, கிருஷ்ணகிரி ஆகியவற்றை அந்தக் காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். நீர்ப்பாசனம் மாநிலத்தின் வேலை. 1957 முதல் 1962 வரை பொதுப்பணித்துறை அமைச்சராக இருந்தவர் கக்கன்.

இறங்கியது

1963இல் காமராஜர் ஒரு யோசனை சொன்னார். மூத்த தலைவர்கள் ஆட்சிப் பதவிகளை விட்டுவிட்டுக் கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும். நேரு ஏற்றுக்கொண்டார். அதற்குக் ‘காமராஜ் திட்டம்’ என்று பெயர் வந்தது. ஆறு மத்திய அமைச்சர்களும் ஆறு முதல்வர்களும் பதவி விலகினார்கள். மொரார்ஜி தேசாய், லால் பகதூர் சாஸ்திரி, ஜகஜீவன் ராம் போன்றவர்கள் மத்திய அமைச்சர்களில் இருந்தார்கள். முதல்வர்களில் ஒருவர் காமராஜரே. 1963 அக்டோபர் 2 அன்று அவர் விலகினார், பக்தவத்சலம் முதல்வரானார்.

திட்டம் பலன் தந்ததா என்று கேட்டால், தமிழ்நாட்டைப் பொறுத்தவரை தரவில்லை என்றே சொல்வேன். கட்சியைப் பலப்படுத்தத்தான் இறங்கினார்கள். நான்கே ஆண்டில் கட்சி இங்கே ஆட்சியை இழந்தது. ஆனால் அவருடைய சொந்தப் பயணத்தில் அது இன்னொரு உயரத்துக்குக் கொண்டுபோனது. 1964 தொடக்கத்தில் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவரானார். மே 27 அன்று நேரு மறைந்தார். சாஸ்திரி பிரதமராக வந்ததிலும், 1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் மறைந்தபின் இந்திரா காந்தி வந்ததிலும் காமராஜரின் கை முக்கியமானது. 1940களில் சென்னையில் செய்த அதே வேலைதான், இப்போது டெல்லியில்.

தொகுதி

கட்சி ஏணியில் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் ஒரு தொகுதி அவரைக் கீழே இறக்கிவிட முடியும். 1967 தேர்தலில் காமராஜர் தன் சொந்த ஊரான விருதுநகரில் தோற்றார். வென்றவர் திமுகவின் பெ. சீனிவாசன், மாணவர் தலைவராக இருந்த இளைஞர். வித்தியாசம் 1,285 ஓட்டு. முதல்வர் பக்தவத்சலமும் தோற்றார், கக்கனும் தோற்றார்.

காரணங்கள் ஊரறிந்தவை. அரிசித் தட்டுப்பாடு, விலைவாசி, 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை அரசு அடக்கிய விதம். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று திமுக வாக்குறுதி தந்தது. இதோடு கூட்டணிக் கணக்கும் சேர்ந்தது. அந்தத் தேர்தலில் காங்கிரஸ் தனியாக வாங்கிய ஓட்டு, திமுக தனியாக வாங்கியதை விடச் சற்றே அதிகம். இரண்டும் 41 சதவீதத்தை ஒட்டியவை. ஆனால் திமுக பல கட்சிகளோடு சேர்ந்து நின்றதால் எதிர்ப்பு ஓட்டு சிதறவில்லை. 234இல் திமுகவுக்கு மட்டும் 137 இடங்கள். அந்தக் கூட்டணியில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் இருந்தது. ஒரு கட்சி எத்தனை சதவீதம் வாங்கியது என்பதோடு, எதிரே எத்தனை வேட்பாளர்கள் நின்றார்கள் என்பதையும் பார்த்தால்தான் தமிழ்நாட்டுத் தேர்தல் முடிவு புரியும். 1967இல் முதல்வரான அண்ணாவும் அப்போது எம்.எல்.ஏ. இல்லை. தென்சென்னை மக்களவைத் தொகுதியில் வென்றிருந்தார். ஆறு மாத விதிக்காக அவர் மேலவைக்குப் போனார்.

விருதுநகரில் தோற்ற காமராஜர் 1969 ஜனவரியில் நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தலில் நின்று வென்றார். அதே ஆண்டு காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. இந்திரா காந்தி ஒரு பக்கம், காமராஜர் மறுபக்கம். 1971 மக்களவைத் தேர்தலில் அவர் பக்கத்துக் காங்கிரசுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்தது ஒரே ஒரு இடம், அது நாகர்கோவில். வென்றவர் அவரே. 1975 அக்டோபர் 2 அன்று சென்னை தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில், அவர் வாடகைக்குக் குடியிருந்த வீட்டில் இறந்தார். அடுத்த ஆண்டு பாரத ரத்னா விருது வந்தது. அந்த வீடு இப்போது நினைவு இல்லம். சென்னைக்கு வந்தால் பாருங்கள்.

உங்கள் தொகுதி வேட்பாளரை இப்படிப் படிக்க

காமராஜர் காலத்தில் இல்லாத ஒரு வசதி இன்றைய வாக்காளருக்கு இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் பயனாக, 2003 முதல் ஒவ்வொரு வேட்பாளரும் மனுவோடு ஒரு பிரமாணப் பத்திரம் தர வேண்டும். 26ஆம் படிவம் என்று அதற்குப் பெயர். நிலுவையில் உள்ள வழக்குகள், தண்டனை, தன் பெயரிலும் துணைவர், சார்ந்திருப்போர் பெயரிலும் உள்ள சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒருவர் இரண்டு மூன்று முறை நின்றிருந்தால் பழைய பத்திரத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வழக்கு என்ற இடத்தில் பிரிவுகளைப் படியுங்கள். சாலை மறியலில் போட்ட வழக்கும் பண மோசடி வழக்கும் ஒன்று இல்லை.

ஆனால் அந்தப் படிவம் காட்டாதது ஒன்று இருக்கிறது: கட்சி ஏணி. எந்தக் கிளையில் தொடங்கினார், எத்தனை ஆண்டு எந்தப் பொறுப்பில் இருந்தார், எத்தனை கட்சி மாறினார், சீட் யாருடைய சிபாரிசில் வந்தது என்பதற்கெல்லாம் அதில் கட்டம் கிடையாது. அதை ஊரில் பத்து இருபது வருஷமாகக் கட்சி வேலை பார்த்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர் கட்சிக்காரரிடம் ஒரு முறை, எதிர்க்கட்சிக்காரரிடம் ஒரு முறை கேளுங்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொல்லும் செய்தி பெரும்பாலும் உண்மையாக இருக்கும்.

என் அண்ணன் மகள் ஒரு நோட்டில் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் ஆட்சி, வலப்பக்கம் கட்சி என்று எழுதி, அவள் தொகுதி வேட்பாளர்கள் நான்கு பேருக்கும் நிரப்பத் தொடங்கியிருக்கிறாள். இடப்பக்கம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வலப்பக்கத்துக்காக எதிர்வீட்டுத் தாத்தாவிடம் போயிருக்கிறாள். அவர் நாற்பது வருஷம் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவர்.